வர்ஜீனியாவின் துப்பாக்கி மசோதாக்களும் அவற்றை எதிர்த்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 20, திங்கட்கிழமை. நல்ல குளிர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில், புதிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்களை எதிர்த்து, சட்டமன்றத்தைச் சுற்றி சுமார் 22,000 பேர் கூடிவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களில் பலர் தோளில் ரைஃபிளோடு வந்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து கேட்பவர்களும், வடக்கு வர்ஜீனியாவில் புதிதாகக் குடிவந்தவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். என் வீட்டில் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் ஒரு மசோதாவை வேண்டாம் என்று சொல்ல சாதாரண ஜனங்கள் சட்டமன்ற வாசல்வரை போனதும், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும் எனக்கு சுவாரசியமான விஷயங்கள்.

எதை எதிர்த்து அவ்வளவு பேர் வந்தார்கள்?

2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில், அங்கேயே வேலை பார்த்த ஒருவர் 12 பேரைச் சுட்டுக் கொன்றார். ஆளுநர் ரால்ஃப் நார்தம் துப்பாக்கிச் சட்டங்களுக்காகவே ஜூலை 9-ல் சிறப்புக் கூட்டம் கூட்டினார். அப்போது இரு அவைகளிலும் நூலிழைப் பெரும்பான்மை ரிபப்ளிகன் கட்சிக்கு. ஒன்றரை மணி நேரத்தில் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். குற்றத் தடுப்பு ஆணையம் ஆராயட்டும் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நவம்பர் தேர்தலில் இரு அவைகளும் டெமாக்ரட் கட்சியின் கைக்கு வந்தன. ஆளுநரும் அவர்கள் கட்சி. அப்படி மூன்றும் ஒரே கையில் சேர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. ஆகவே 2020 ஜனவரி 8-ல் சட்டமன்றம் கூடியதுமே மசோதாக்கள் வரிசை கட்டின. எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுகிறவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டம், துப்பாக்கி தொலைந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும், பூங்காவிலும் அரசுக் கட்டடத்திலும் தடை விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே எச்.பி. 961 என்ற எண் கொண்ட மசோதா. ஏ.ஆர்.-15 போன்ற 'அசால்ட்' வகைத் துப்பாக்கிகளின் விற்பனைக்கும், 12 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கும் (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி) தடை கேட்டது அது. சண்டையின் மையம் அதுதான்.

இதையெல்லாம் மாநிலச் சட்டமன்றம் செய்ய முடியுமா?

முடியும். நம் ஊரில் ஆயுதம் என்பது மத்திய அரசின் பட்டியலில் இருக்கிற விஷயம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுக்க ஒன்று, உரிமம் தருவதா இல்லையா என்பது அதிகாரியின் முடிவு. தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவரே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வர வேண்டியிருக்கும். அமெரிக்காவில் கதை தலைகீழ். அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் துப்பாக்கியை உரிமையாக வைக்கிறது. அது தனிமனித உரிமைதான் என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாநிலங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை என்று 2010-ல் மெக்டொனால்ட் வழக்கில் சொன்னது. மத்தியச் சட்டம் அடித்தளம் மாதிரி. அதன்மேல் எவ்வளவு சுவர் எழுப்பலாம் என்பதை மாநிலங்கள் முடிவு செய்கின்றன, எழுப்பிய சுவர் நிற்குமா என்று நீதிமன்றம் பார்க்கிறது. ஆகவே சண்டை வாஷிங்டனில் நடப்பதைவிட ரிச்மண்ட் மாதிரியான மாநிலத் தலைநகரங்களில்தான் அதிகம்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன? எல்லாம் வெறும் பிடிவாதமா?

இல்லை. ஆனால் எல்லா வாதமும் ஒரே எடை கொண்டவையும் இல்லை.

கிராமப்புறத்துக்காரர் சொல்வதை முதலில் எடுக்கிறேன். வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஷெரிஃப் ஆட்கள், அதாவது கவுண்டிக் காவலர்கள்தான் இரவுப் பணியில் இருப்பார்கள். போன் செய்தால் வண்டி வந்து சேர அரை மணி ஆகலாம். 'அந்த அரை மணி நேரம் எனக்கு யார் காவல்?' என்று கேட்பவரிடம் வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வது கஷ்டம்.

அடுத்தது, 'நீங்கள் காரணம் காட்டும் சம்பவத்தையே இந்த மசோதா தடுத்திருக்காதே' என்பது. வர்ஜீனியா பீச் கொலையாளி துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கியவர். பயன்படுத்தியது .45 ரகக் கைத்துப்பாக்கிகள், ரைஃபிள் இல்லை. பின்னணிச் சோதனையும் அசால்ட் ரைஃபிள் தடையும் அங்கே என்ன செய்திருக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி. அவரிடம் கூடுதல் தோட்டா பிடிக்கும் மேகசின்களும் சைலன்சரும் இருந்தன. எச்.பி. 961 கை வைத்தது அவற்றின் மேலும்தான். இந்த வாதத்தைச் சொல்பவர்கள் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

மூன்றாவது, ரெட் ஃபிளாக் பற்றியது. குற்றமே செய்யாதவரிடமிருந்து, அவர் தரப்பைக் கேட்காமலே, ஓர் உத்தரவில் பொருளை எடுத்துப் போவது நீதியா என்கிறார்கள். என்னைக் கேட்டால் எதிர்ப்பாளர்களிடம் இருந்தவற்றில் கனமான வாதம் இதுதான். ஏனென்றால் துப்பாக்கியையே விரும்பாதவருக்கும் இது உறைக்கும். நிறைவேறிய சட்டத்தில் இதற்குச் சில கடிவாளங்கள் இருக்கின்றன. போலீசும் அரசு வழக்கறிஞரும் மட்டுமே மனு போட முடியும், கோபத்தில் இருக்கும் அண்டை வீட்டுக்காரர் நேராகப் போய்ப் போட முடியாது. முதல் உத்தரவு 14 நாள்தான். அதன்பின் விசாரணை நடத்தித்தான் 180 நாள் வரை நீட்டலாம்.

'இன்று மேகசின், நாளை எல்லாம்' என்ற வாதமும் உண்டு. மேடையில் கைதட்டு வாங்கித் தரும். ஓட்டு மாற்றித் தராது.

ஆதரித்தவர்கள் பக்கம்?

மாதம் ஒரு கைத்துப்பாக்கி என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1993-லேயே ஆளுநர் டக்ளஸ் வைல்டர் காலத்தில் இதே வர்ஜீனியா கொண்டுவந்த சட்டம்தான். ஐ-95 நெடுஞ்சாலை வழியே வர்ஜீனியாவில் மொத்தமாக வாங்கிய துப்பாக்கிகள் நியூயார்க் தெருக்களில் போய்ச் சேர்கின்றன என்று அப்போது பெரிய கெட்ட பெயர். 2012-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 'இருந்ததைத்தானே திரும்பக் கேட்கிறோம்' என்பது ஆதரவாளர்களின் பேச்சு. 2007-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள் வருடா வருடம் அதே சட்டமன்றத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். வற்புறுத்துவது ஒரு பக்கத்தாரின் ஏகபோகம் இல்லை.

வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்றார்களே, உண்மையா?

எச்.பி. 961-ன் கடைசி வடிவத்தில் அப்படி இல்லை. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் பயம் வெறும் காற்றிலிருந்து வரவில்லை. தேர்தல் முடிந்த கையோடு டெமாக்ரட் கட்சியின் மாநில செனட்டர் ரிச்சர்ட் சாஸ்லா தாக்கல் செய்த எஸ்.பி. 16 என்ற மசோதா, வைத்திருப்பதையே குற்றமாக்கும் விதத்தில் எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு வெடித்ததும் ஜனவரியில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். மசோதா போய்விட்டது, அது கிளப்பிய பயம் போகவில்லை. அதற்குப்பின் எந்த மசோதா வந்தாலும் ஜனங்கள் எஸ்.பி. 16-ன் கண்ணாடி வழியாகத்தான் படித்தார்கள்.

'சரணாலயக் கவுண்டி' என்றால்?

நமக்குச் சரணாலயம் என்றால் வேடந்தாங்கல். இங்கே விஷயம் வேறு. 'இரண்டாவது திருத்தத்துக்கு விரோதமான சட்டங்களை நடைமுறைப்படுத்த எங்கள் பணத்தையும் ஆட்களையும் தரமாட்டோம்' என்று உள்ளாட்சி மன்றம் போடும் தீர்மானம் அது. 2019 நவம்பர் தேர்தலுக்குப்பின் சில வாரங்களில், வர்ஜீனியாவின் 95 கவுண்டிகளில் பெரும்பாலானவையும் சில நகரங்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் ஏதோ ஒரு வடிவில் இதை நிறைவேற்றின. மன்றக் கூடங்கள் நிரம்பி, ஜனங்கள் வாகன நிறுத்தம்வரை நின்றார்கள்.

சட்டப்படி இதற்கு மதிப்பு இல்லை. வர்ஜீனியாவில் உள்ளாட்சிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு, சொந்தமாக எதுவும் கிடையாது. டிலன் விதி என்று பெயர். தீர்மானங்களுக்குச் சட்ட வலு இல்லை என்று மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் டிசம்பர் 20-ல் எழுத்துபூர்வமாகவே சொல்லிவிட்டார். ஆனால் அவற்றைப் போட்டதன் நோக்கம் சட்டமே இல்லை என்று நினைக்கிறேன். ரிச்மண்டில் உட்கார்ந்திருக்கும் செனட்டருக்குத் தன் தொகுதி வரைபடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டின, அது போதும்.

(ஒரு கிளைக்கதை. கல்பெப்பர் கவுண்டி ஷெரிஃப் ஸ்காட் ஜென்கின்ஸ், தேவைப்பட்டால் ஆயிரக்கணக்கான குடிமக்களைத் துணைக் காவலர்களாக நியமித்து அவர்கள் துப்பாக்கிகளைக் காப்பேன் என்று அறிவித்துப் புகழ் பெற்றார். அப்படிப்பட்ட துணைக் காவலர் பேட்ஜ்களைப் பணத்துக்கு விற்றதாக 2024 டிசம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பத்து வருடச் சிறை. 2025 மே மாதம் டிரம்ப் மன்னித்துவிட்டார்.)

ஜனவரி 20-ல் என்னதான் நடந்தது?

அது மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும் என்பதால், பல அமைப்புகள் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்துத் தங்கள் கோரிக்கையைச் சொல்லும் 'லாபி தினம்' அன்றுதான் வழக்கம். வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக் என்ற துப்பாக்கி உரிமை அமைப்பு வருடா வருடம் செய்வதைத்தான் 2020-லும் செய்தது. கூட்டம்தான் பல மடங்கு. ஆளுநர் அவசர நிலை அறிவித்து, சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்றார். சில நாட்களுக்கு முன் 'தி பேஸ்' என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைச் சேர்ந்த மூவரை எஃப்.பி.ஐ. பிடித்திருந்ததால் எல்லோர் வயிற்றிலும் புளி கரைந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் வருடா வருடம் அதே நாளில் நடத்தும் அஞ்சலிக் கூட்டத்தை ரத்து செய்தார்கள்.

கடைசியில் சுமார் 6,000 பேர் ஆயுதமில்லாமல் சோதனை வாசல் வழியாக உள்ளே, 16,000 பேர் வெளியே. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கைதானது ஒரே ஒரு பெண், அதுவும் முகத்தை மூடிய குற்றத்துக்காக. இரண்டே மாதத்தில் கொரோனா வந்து மாநிலமே முகத்தை மூடிக்கொண்டது வேறு விஷயம்.

அப்படியானால் அந்தக் கூட்டம்தான் எச்.பி. 961-ஐ நிறுத்தியதா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை. 22,000 பேர் வந்து போய் மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 11-ல், நூறு பேர் கொண்ட டெலிகேட்ஸ் சபை எச்.பி. 961-ஐ 51-க்கு 48 என்று நிறைவேற்றியது. ஒரு சபையின் மசோதா மறு சபைக்குப் போக அன்றுதான் கடைசி நாள். கூட்டம் அந்த 51 பேரை அசைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் நகர்ப்புறத் தொகுதிக்காரர்கள், அவர்கள் வாக்காளர்கள் அந்த மசோதாவைக் கேட்டுத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

மசோதா விழுந்த இடம் வேறு. பிப்ரவரி 17, செனட்டின் நீதித்துறைக் குழு. மொத்தமே 15 உறுப்பினர்கள், அதில் ஒன்பது டெமாக்ரட்டுகள். கட்சி வரிசைப்படி போனால் 9-6 என்று தேறியிருக்க வேண்டும். ஆனால் கிரீ டீட்ஸ், ஜான் எட்வர்ட்ஸ், சாப் பீட்டர்சன், ஸ்காட் சுரோவெல் ஆகிய நான்கு டெமாக்ரட்டுகள் ரிபப்ளிகன்களோடு சேர்ந்தார்கள். 10-5. இந்த வருடத்துக்கு வேண்டாம், குற்றத் தடுப்பு ஆணையம் ஆராயட்டும் என்று தள்ளிவைத்தார்கள். அறையில் நெருக்கியடித்து நின்ற எதிர்ப்பாளர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

என் கணக்கு இதுதான். 22,000 பேர் தலைப்புச் செய்தி ஆனார்கள். மசோதாவை நிறுத்தியது நாலு பேர். அந்த நாலு பேரைச் சந்தித்தவர்கள், அவர்களின் உதவியாளரிடம் 'மசோதாவில் இந்த வரையறை எந்தத் துப்பாக்கியையெல்லாம் பிடிக்கிறது பாருங்கள்' என்று வரி வரியாகப் பேசியவர்கள் எந்தப் படத்திலும் இல்லை. டீட்ஸ் நீண்ட காலம் கிராமத்து ஓட்டில் ஜெயித்தவர். 2005 அட்டர்னி ஜெனரல் தேர்தலில், நாட்டின் பெரிய துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ. ஆதரித்ததே இவரைத்தான். அப்படிப்பட்டவரிடம் முழக்கம் தேவையில்லை, கவனமாகக் கேட்கக்கூடிய ஒரு காரணம் போதும்.

மற்ற மசோதாக்கள்?

பெரும்பாலும் தேறிவிட்டன. பின்னணிச் சோதனை, ரெட் ஃபிளாக், மாதம் ஒன்று, தொலைந்தால் சொல்வது உட்பட ஐந்தில் நார்தம் ஏப்ரல் 10-ல் கையெழுத்திட்டார். ஜூலை 1 முதல் அமல். உள்ளாட்சி அதிகார மசோதாவும் சில திருத்தங்களோடு சட்டமானது.

ஆனால் தேறிய வடிவத்தைப் பாருங்கள். பின்னணிச் சோதனை 'விற்பனை'க்கு மட்டும் என்று சுருங்கியது. சும்மா கைமாற்றுவது, கடன் கொடுப்பது எல்லாம் அதில் வராது. மாதம் ஒன்று என்ற வரம்பிலிருந்து, மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. முழுசாகத் தடுக்க முடியாத இடத்தில் ஓரத்தைச் சீவுவது என்பது இதுதான். 

அந்த நால்வர் பிறகு என்ன ஆனார்கள்?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டு 2023-ல் புதிய வரைபடத்தில் தேர்தல் நடந்தது. எட்வர்ட்ஸ் ஓய்வு பெற்றார். பீட்டர்சன் ஃபேர்ஃபாக்ஸ் பகுதி உட்கட்சித் தேர்தலில் சதாம் சலீம் என்ற புதியவரிடம் தோற்றார். 2020 வாக்கும் அவருக்கு எதிரான பிரசாரத்தில் வந்தது. சுரோவெல் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஆனார். டீட்ஸின் புதிய தொகுதியின் மையம் சார்லட்ஸ்வில் பல்கலைக்கழக நகரம். 2024-ல் அசால்ட் துப்பாக்கித் தடை மசோதா எஸ்.பி. 2 என்ற எண்ணில் செனட்டுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே டீட்ஸ்.

மனம் மாறியதா, தொகுதி மாறியதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. மார்ச் 26-ல் ரிபப்ளிகன் ஆளுநர் கிளென் யங்கின் வீட்டோ செய்தார். அன்று அவர் தள்ளிய துப்பாக்கி மசோதாக்கள் மொத்தம் 30. வீட்டோவை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது இல்லை.

நானும் ஒரு மசோதாவை எதிர்த்து எழுத வேண்டுமென்றால்?

முதலில் அது யார் மேஜையில் இருக்கிறது என்று பாருங்கள். சட்டமன்ற இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் எந்தக் குழு, எப்போது விசாரணை என்று வந்துவிடும். உங்கள் உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தால் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு பத்து மடங்கு. இல்லாவிட்டாலும் எழுதலாம், சபை வாக்கெடுப்புக்கு உதவும். வேறு தொகுதி செனட்டருக்கு எழுதுவது பெரும்பாலும் வீண். உதவியாளர் முதலில் பார்ப்பது உங்கள் வீட்டு முகவரியை.

தலைப்பில் மசோதா எண், முதல் வரியில் 'எதிர்க்க வேண்டுகிறேன்'. அப்புறம் ஒரே ஒரு காரணம், உங்கள் வாழ்க்கையிலிருந்து. இரவுக் காவலராக இருந்தால் அதைச் சொல்லுங்கள், விவாகரத்து வழக்கில் பொய்ப் புகாரைப் பார்த்தவராக இருந்தால் அதை. அமைப்பு அனுப்பும் ஆயத்தக் கடிதத்தை அப்படியே தட்டிவிட்டால் அது எண்ணிக்கையில் ஒன்றாகச் சேரும், படிக்கமாட்டார்கள். முழுசாக நிறுத்த முடியாது என்று தெரிந்தால் எந்த வாக்கியத்தை எப்படி மாற்றலாம் என்று எழுதுங்கள். மிரட்டல் தொனி வேண்டவே வேண்டாம், அந்தக் கடிதம் நேரே போலீசுக்குத்தான் போகும்.

சீக்கிரம் எழுதுங்கள். இரட்டைப்படை வருடத்தில் இங்கே கூட்டத்தொடர் 60 நாள்தான், ஒற்றைப்படையில் அதைவிடக் குறைவு. ஒரு மசோதாவின் தலையெழுத்து கூட்டத்தொடரின் பாதிக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும்.

துப்பாக்கியோடு சட்டமன்ற வளாகத்துக்குப் போகலாமா?

கூடாது. 2021 ஜூலையிலிருந்து சட்டப்படியே தடை.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன?

எழுதலாம். அரசிடம் மனு கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை, அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். ஓட்டு இல்லை என்பதற்காக உதவியாளர் போனை வைத்துவிட மாட்டார். ஆனால் தேர்தல் நன்கொடை கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் மாநிலத் தேர்தலுக்குக்கூடப் பணம் தருவது மத்தியச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி விஷயத்திலும் அப்படியே. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வைத்திருக்கவே கூடாது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர. நண்பரோடு சுடும் பயிற்சிக் களத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.